இடம் மாறி நிற்பது யார்? உளநாடகப் பயிற்சியும் பழவேற்காட்டுப் பெண்களும்

உளநாடகம் எனப்படும் சைக்கோடிராமாவின் முதல் கட்டளை எளிமையானது: நடந்ததைச் சொல்லாதே, செய்து காட்டு. துயரத்தோடு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொன்னால் போதாது. எழுந்து நிற்க வேண்டும். அந்த அறையை, அந்த இரவை, அந்த அம்மாவைக் கண்முன் கொண்டுவர வேண்டும். தமிழில் பெண்கள் எழுதியதும் அதைப் பற்றி நடந்த சண்டைகளும் கடந்த 25 ஆண்டுகளாகப் பெரும்பாலும் சொல்லும் உரிமையைச் சுற்றியே இருந்திருக்கின்றன. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தபோது எழுந்த கூச்சல், ஒரு பெண் தன் நூலுக்கு எந்தச் சொல்லைத் தலைப்பாக வைக்கலாம் என்பதைப் பற்றியது. சொல்லுக்காக இவ்வளவு வழக்காடிய ஒரு தலைமுறையைச் சேர்ந்தவளிடம் வந்து ‘சொல் போதாது’ என்று ஒரு முறைமை சொன்னால், அதைச் சந்தேகத்தோடுதான் கேட்க முடியும். அந்தச் சந்தேகத்தோடும், அதற்குக் குறையாத ஆர்வத்தோடும் பழவேற்காட்டில் ஏரிக்கரையோரம் நடந்த ஐந்து நாள் உறைவிடப் பயிற்சியில் சேர்ந்தேன்.

இது அந்த முகாமின் அறிக்கை அல்ல. நடத்திய நிறுவனத்தின் பெயரோ பயிற்றுநரின் பெயரோ இங்கே தேவையில்லை; நான் விமர்சிக்க எடுத்துக்கொள்வது ஒரு முறைமையை. குழுவில் பேசியது குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது பயிற்சியின் விதி. ஆகவே, சம்பந்தப்பட்ட பெண்கள் ‘இத எழுது டீச்சர்’ என்று ஒப்புக்கொண்டவற்றை மட்டும், ஆள் அடையாளம் இல்லாமல் எழுதுகிறேன். அகப்பாடலில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறக் கூடாது என்ற தொல்காப்பிய விதியை வகுப்பில் இலக்கணமாகவே நடத்தி வந்திருக்கிறேன். எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் குப்பங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது, அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவும் தெரிந்தது.

வியன்னாவிலிருந்து வந்த மேடை

இந்த முறைமையை உருவாக்கியவர் ஜேக்கப் லெவி மொரேனோ. 1889இல் புக்காரெஸ்டில் பிறந்து வியன்னாவில் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, வியன்னாவில் பாலியல் தொழில் செய்த பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார். அவரே எழுதிய கணக்குப்படி, முதலில் அவர்கள் பேசியது காவலர்களின் தொல்லை, மருத்துவமனையில் இடம் கிடைக்காமை போன்ற அன்றாடச் சங்கடங்களை. பிறகு ஒருத்தியின் சிக்கலை இன்னொருத்தி தன் சிக்கலாகக் கேட்கத் தொடங்கினார்கள். வாரம் சில காசுகள் சேர்த்து அவசரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களை அறிந்த நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வட்டமாக உட்கார்தல், கொஞ்சம் பணம், கொஞ்சம் பேச்சு. குழு உளச்சிகிச்சை என்று பின்னாளில் பெயர் பெற்ற ஒன்றின் தொடக்கத்தில் இந்தப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் பெயரும் அதன் வரலாற்றில் நிலைக்கவில்லை.

உளநாடகத்தைக் கற்பிக்கும் இடங்களில் தவறாமல் சொல்லப்படும் கதை பார்பராவுடையது. 1920களின் தொடக்கத்தில் மொரேனோ வியன்னாவில் நடத்திய தன்னியல்பு அரங்கில் பார்பரா ஒரு நடிகை. எழுதிவைத்த வசனம் இல்லாத அந்த மேடையில் அவளுக்கு எப்போதும் சாந்தமான, குற்றமற்ற பெண்களின் பாத்திரங்கள். அவளை மணந்துகொண்ட ஜார்ஜ் ஒருநாள் மொரேனோவிடம் வந்து முறையிடுகிறான்: நீங்கள் எல்லோரும் தேவதை என்று கொண்டாடும் இவள் வீட்டில் கத்துகிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள், அடிக்கிறாள். அன்றிரவே மொரேனோ அவளுக்கு ஒரு தெருப்பெண்ணின் பாத்திரத்தைக் கொடுக்கிறார். அவள் மேடையில் கத்துகிறாள், திட்டுகிறாள், இறுதியில் கொலையுண்டு விழுகிறாள். அவையோர் திகைத்துப்போகிறார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஜார்ஜ் வந்து சொல்கிறான்: வீட்டில் இப்போது பரவாயில்லை.

பயிற்சியில் இந்தக் கதை ஒரு கண்டுபிடிப்பின் கதையாகச் சொல்லப்படுகிறது. மேடையில் வெளிப்படுத்திய ஆத்திரம் வீட்டில் தணிகிறது, நாடகமே மருந்தாகிறது. இதை ஒரு இலக்கியப் பிரதியைப் போலப் படித்தால் வேறு சில கேள்விகள் எழும். நோயைக் கண்டு சொன்னவன் கணவன். குணமானதற்குச் சான்று தருபவனும் கணவனே. அவள் ஏன் கத்தினாள் என்று யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. சாந்தமான பெண்ணாகவே அவளை மேடையில் நிறுத்திய இயக்குநருக்கும் அவளுடைய ஆத்திரத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் இல்லை. கத்துவதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே பாத்திரம், கடைசியில் கொல்லப்படும் பெண்ணின் பாத்திரம். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக்கூடக் கோபப்பட்ட பிறகு மிஞ்சியிருக்க ஓர் இடம் இருந்தது.

மொரேனோ 1925இல் அமெரிக்கா போனார். 1936இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் என்ற ஊரில் மேடையுடன் கூடிய ஒரு மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமில் 1917இல் பிறந்த ஜெர்க்கா 1941இல் உடல்நலமற்ற தன் அக்காவை அங்கே அழைத்துவந்தார், அங்கேயே தங்கிவிட்டார், 1949இல் மொரேனோவை மணந்தார். உளநாடகம் பற்றிய நூல்வரிசையின் இரண்டாம், மூன்றாம் தொகுதிகளில் அவர் இணையாசிரியர். 1958இல் புற்றுநோயால் வலக்கையை இழந்த பிறகும் மேடையை விடவில்லை. 1974இல் மொரேனோ இறந்த பின் பல நாடுகளுக்கும் சென்று இந்த முறைமையைக் கற்பித்தவர் அவர்தான், 2016இல் காலமானார். இன்று உளநாடகம் உயிரோடு இருப்பதற்குப் பெரும் காரணம் ஜெர்க்கா. ஆனால், பாடத்தின் முதல் நாளில் சுவரில் தொங்கியது மொரேனோவின் படம் மட்டும்.

ஐந்து நாள் தங்க யாரால் முடியும்

குழுப்பயிற்சி ஏன் உறைவிடப் பயிற்சியாக இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. குர்ட் லெவின் 1946இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் நடத்திய பட்டறையிலிருந்து ‘டி-குழு’ என்ற பயிற்சிக் குழு முறை பிறந்தது. அவர் மறைந்த 1947இல், மெய்ன் மாநிலத்தின் பெத்தெல் என்ற சிற்றூரில் அது கோடை முகாமாக உருவெடுத்தது. அன்றாட வேலையிலிருந்தும் ஊரிலிருந்தும் மனிதர்களைப் பிரித்துக் கொண்டுபோய் வைத்தால்தான் பழைய பழக்கங்கள் தளரும் என்பது அதன் அடிப்படை. அந்த இடத்தை ஒரு ‘பண்பாட்டுத் தீவு’ என்று சொன்னார்கள்.

நல்ல சொல். அடுப்பு, மாமியார், பிள்ளையின் வீட்டுப்பாடம், விடைத்தாள் கட்டு எதுவும் எட்டாத ஒரு தீவு எந்தப் பெண்ணுக்கும் விடுதலைதான். முதல் நாள் காலை யாரோ சமைத்த இட்லியை உட்கார்ந்து சாப்பிட்டபோதே பாதிச் சிகிச்சை முடிந்துவிட்டது என்று ஒரு பள்ளி ஆசிரியை சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அது சிரிப்பதற்காகச் சொன்னது மட்டுமல்ல.

எங்கள் குழுவில் இரண்டு வகைப் பெண்கள் இருந்தார்கள். சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்து தங்கியிருந்த ஆலோசகர்கள், ஆசிரியைகள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள், ஆய்வு மாணவிகள் ஒரு வகை. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து வந்த மகளிர் குழுத் தலைவிகள் இன்னொரு வகை. இவர்கள் ஒருவரும் இரவு தங்கவில்லை. விடியலில் படகு வரும்போது கரையில் இருக்க வேண்டும். ஏலம் எடுக்க வேண்டும். பொன்னேரிக்கோ அதற்கு அப்பாலோ கூடையைக் கொண்டுபோய் விற்றுவிட்டு வர வேண்டும். அவர்கள் வந்துசேரும்போது முற்பகல் ஆகியிருக்கும். காலை அமர்வில் நடக்கும் ‘தயார்ப்படுத்தல்’ எப்போதும் அவர்களுக்குத் தவறிப்போகும். மாலை நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். ஆகவே ‘பகிர்வு’ என்ற கடைசிப் பகுதியும் கிடைக்காது. தயார்ப்படுத்தல், செயல், பகிர்வு என்று மூன்று படிகள் கொண்ட முறையில் அவர்களுக்கு வாய்த்தது நடுப்படி மட்டும். காயத்தைத் திறக்கும் நேரத்தில் இருந்தார்கள். மூடும் நேரத்தில் இல்லை. நடுநிலையான பாடத்திட்டம் என்று நாம் நினைப்பது யாருடைய நாளை அளவாகக் கொண்டு வெட்டப்பட்டது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

சான்றிதழ் விஷயமும் இதோடு சேர்ந்தது. அமெரிக்க உளநாடகத் தேர்வு வாரியம் ஒரு பயிற்சியாளருக்கு விதிக்கும் பயிற்சி 780 மணி நேரம். அவ்வளவு நீண்ட பயிற்சிக்கு நியாயம் உண்டு; அடுத்தவர் மனதைக் கையாளும் வேலை அது. ஆனால், அவ்வளவு நேரத்தையும் கட்டணத்தையும் யாரால் தர முடியுமோ அவர்களே இயக்குநர் ஆவார்கள். மற்றவர்கள் என்றென்றும் மேடையில் அழுகிறவர்களாக இருப்பார்கள். மூன்று நாள் பயிற்சியும் ஒரு கையேடும் பெற்று ஊருக்குத் திரும்பும் களப்பணியாளர், இயக்குநரின் பொறுப்பை ஏற்க வேண்டிவரும். அதற்கான தேர்ச்சியோ பாதுகாப்போ அவருக்கு இருக்காது.

ஏரியின் வரைபடம்

இரண்டாம் நாள் பயிற்றுநர் ஒரு பயிற்சி கொடுத்தார். ‘இந்த ஹால்தான் ஏரின்னு வெச்சுக்கங்க. உங்க வாழ்க்கை எங்க நடக்குதோ அங்க போய் நில்லுங்க.’ தரையை வரைபடமாக்கி அதில் மனிதர்களை நிறுத்தும் முறை இது. மொரேனோவின் சமூக அளவியலிலிருந்து வந்தது.

மகளிர் குழுத் தலைவிகள் சாக்கட்டியை வாங்கிக் கோடு போட்டார்கள். கிழக்கே கடல், தெற்கே முகத்துவாரம், இந்தப் பக்கம் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம். தண்ணீருக்குள் எங்கெங்கே பாடு என்று விரலால் காட்டினார்கள். பிறகு போய் நின்றார்கள். ஒருத்தி ஏலம் போடும் இடத்தில். ஒருத்தி பஸ் நிறுத்தத்தில். ஒருத்தி கருவாடு காயப்போடும் மணலில். பனையோலைப் பெட்டி முடையும் இஸ்லாமியப் பெண் ஒருவர் தன் வீட்டு வாசலில். வரைந்த ஏரியின் தண்ணீருக்குள் ஒரே ஒருத்தி நின்றாள். அவள் இருளர் பெண். இடுப்பளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள்; ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தேடுகிறவள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஏலத்தில் நின்றிருந்த பெண் சொன்னாள்: ‘அது எங்க பாடு ஓடுற எடம்.’

பழவேற்காடு ஏரியில் பாடு என்பது மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. குலுக்கலில் முறை விழும். இன்று இந்தப் படகுக்கு நல்ல இடம் என்றால் நாளை வேறொரு படகுக்கு. சமூகவியலாளர்களும் மீன்வள ஆய்வாளர்களும் இதைப் பொதுவளத்தைப் பாதுகாக்கும் உள்ளூர் அறிவு என்று பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்டத் தக்கதுதான். ஆனால் அதில் இடம் பெறுவது பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டுகள். தலைக்கட்டு என்றால் ஆண். இந்தக் கணக்கில் பட்டினவர் பெண்ணுக்கு முறை இல்லை. இருளருக்கு ஆண், பெண் இருவருக்குமே இல்லை. தமிழில் பாடு என்றால் முறை. பாடு என்றால் துன்பம். தரையில் போட்ட சாக்கட்டிக் கோட்டில் இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் தெரிந்தன.

பயிற்றுநர் அடுத்துக் கேட்டது: ‘அங்க நிக்கும்போது உங்களுக்கு என்ன உணர்வு வருது?’ இருளர் பெண் ‘ஒண்ணும் இல்ல’ என்றாள். உணவு இடைவேளை வந்துவிட்டது.

இங்கேதான் முறைமையின் அடிப்படை இடறல் இருக்கிறது. சமூக அளவியலின் பிறப்பிடம் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் இருந்த சிறுமியர் சீர்திருத்தப் பள்ளி. 1932 முதல் மொரேனோவும் ஹெலன் ஹால் ஜென்னிங்ஸும் அங்கே அடைக்கப்பட்டிருந்த 500க்கும் மேற்பட்ட சிறுமிகளிடம், யாருடன் ஒரே விடுதியில் வாழ விருப்பம் என்று கேட்டு, விருப்பங்களையும் வெறுப்புகளையும் அம்புக்குறிகளாக வரைந்தார்கள். 1933இல் நியூயார்க் டைம்ஸ் அதை உணர்ச்சிகளின் புதிய நிலவரைபடம் என்ற பொருளில் செய்தியாக்கியது. அதே 1933இல் அந்தப் பள்ளிக்குக் கொண்டுவரப்பட்ட சிறுமிகளில் ஒருத்தி எல்லா ஃபிட்ஜெரால்ட். பின்னாளில் ஜாஸ் இசையின் பெருங்குரல்களில் ஒன்றாக உலகம் அறிந்தவர். கறுப்பினச் சிறுமிகளுக்கு அங்கே தனி விடுதிகள். பள்ளியின் பாடகர் குழுவில் வெள்ளைச் சிறுமிகளுக்கே இடம், எல்லாவுக்கு இல்லை.

யாரைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்கும் வரைபடம், தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைக் காட்டாமல் விட்டுவிட முடியும். விருப்பத்தின் அம்புக்குறி சுவரைத் தாண்டாது. சுவர் எங்கே இருக்கிறது என்பதையும் தாளில் குறிக்காது. பழவேற்காட்டு வரைபடம் சுவரைக் காட்டியது. அதைப் பார்க்க வைத்தது முறைமையின் வெற்றி. பார்த்த உடனே அதை ‘உணர்வு’ என்ற கேள்வியாகச் சுருக்கியது அதன் தோல்வி. சாதி ஒரு உணர்வு அல்ல. ஏலத்தில் நின்றவளும் தண்ணீரில் நின்றவளும் ஒரே ‘பெண்கள் குழு’ என்று அழைப்பிதழில் அச்சிட்டதால் மட்டும் அவர்கள் ஒரே கரையில் நிற்பதில்லை.

பாத்திர மாற்றம்

உளநாடகத்தின் மையமான உத்தி இடம் மாறி நிற்பது. நான் என் இடத்திலிருந்து எதிராளியின் இடத்துக்குப் போய், அவராகவே பேசுகிறேன். என்னை அவர் கண்ணால் பார்க்கிறேன். தாயும் மகளும், முதலாளியும் தொழிலாளியும் இடம் மாறினால் உலகம் மாறும் என்பது மொரேனோவின் பெருங்கனவு. அழகான கனவுதான்.

மூன்றாம் நாள், மகளிர் குழுத் தலைவிகளில் ஒருவர், ஐம்பதை நெருங்குகிறவர், தன் வீட்டு இரவு ஒன்றைக் காட்ட முன்வந்தார். கணவர் குடித்துவிட்டு வருகிறார். மீன் விற்ற பணத்தைக் கேட்கிறார். கணவரின் இடத்தில் நிற்க ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்தார். காட்சி சூடுபிடித்ததும் பயிற்றுநர், இடம் மாறுங்கள், இப்போது நீங்கள் அவர், என்றார். அந்தப் பெண் அசையவில்லை.

‘அந்தாளு மாதிரி நான் எதுக்கு மேடம் பேசணும்? அது இன்னா நெனைக்கும், எப்பக் கோவம் வரும், எந்தக் கொழம்புக்குத் தட்ட வீசும்னு பாத்துப் பாத்துத்தான தெனம் அடுப்பு பத்த வெக்கிறேன். இருவத்தெட்டு வருசமா அது மனசுக்குள்ளதான் நான் குடித்தனம் பண்றேன்.’

இந்த முறைமை பற்றி நான் படித்தவற்றில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் இல்லை. அடுத்தவர் இடத்தில் நின்று பார்ப்பது ஒரு பயிற்சியாக, பரிசாக, புதிய அனுபவமாக யாருக்கு இருக்கும்? அதுவரை அப்படி நிற்கத் தேவையில்லாதவருக்கு. பெண்ணுக்கு அது பயிற்சி அல்ல, தினக்கூலி. அப்பாவின் முகம் பார்த்து, அண்ணனின் முகம் பார்த்து, கணவனின் காலடிச் சத்தம் கேட்டே அன்றைய மாலையைக் கணிக்கிறவள் அவள். தன் இடம் எது என்பதுதான் அவளுக்கு மங்கலாக இருக்கிறது. அவளை மீண்டும் ஒருமுறை அவனாக நிற்கச் சொல்வது, குடும்பம் அவளிடம் ஏற்கெனவே வாங்கிவரும் வேலையைச் சிகிச்சையின் பெயரால் வாங்குவது. வீட்டு வேலைக்காரப் பெண் முதலாளியம்மாளின் மனநிலையை அறிந்த அளவுக்கு முதலாளியம்மாளுக்கு அவளுடைய மனநிலை தெரியாது. சாதிக்கும் இதே கணக்கு.

வன்முறையிலிருந்து மீள்கிறவர்களை வன்முறை செய்தவரின் பாத்திரத்தில் நிறுத்துவதில் உள்ள ஆபத்தை உளநாடகத்துக்குள்ளேயே பேசியவர்கள் உண்டு. கேட் ஹட்ஜின்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் வளர்த்தெடுத்த முறையில், காயத்தைத் தொடும் முன்பு அதைத் தாங்கும் வலுவான பாத்திரங்களை மேடையில் நிறுத்துவது முக்கியம். துணைக்கு நிற்பவர், தள்ளி நின்று பார்ப்பவர், காப்பவர் எனப் பல பேர் சூழ்ந்த பிறகே அவள் அந்த இரவுக்குள் போவாள். ஆனால் குறுகிய முகாம்களில் கற்பிக்கப்படுவது வேகமாகப் பலன் தரும் உத்திகள். அழுகை வந்துவிட்டால் அமர்வு வெற்றி என்ற எண்ணம் எளிதில் தொற்றிக்கொள்கிறது.

எங்கள் பயிற்றுநர் அந்தப் பெண்ணை வற்புறுத்தவில்லை. ‘சரி, நீங்க நீங்களாவே நில்லுங்க’ என்றார். அடுத்த கால் மணி நேரம் அந்தப் பெண் தன் இடத்திலேயே நின்று, பணப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு, ‘குடுக்க மாட்டேன்’ என்று ஐந்தாறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் குரல் வேறாக இருந்தது. ஐந்து நாளில் நான் கண்ட நல்ல நாடகம் அது.

தோழியும் ஒப்பாரியும்

இன்னொரு உத்தி ‘இரட்டை’. ஒருத்தி மேடையில் நிற்க, இன்னொருத்தி அவளுக்குப் பின்னால் தோளில் கைவைத்து நின்று, அவள் சொல்லாமல் விட்டதை ‘நான்’ என்று தன்மையில் பேச வேண்டும். தமிழ் படித்தவளுக்கு இங்கே தோழியின் நினைவு வராமல் இருக்காது. தலைவியின் வாயில் வராததைத் தலைவன் காதில் விழும்படி சொல்கிறவள் அவள். சங்க அகப்பாடல்கள் பாத்திரக் கூற்றுகளாகவே அமைந்தவை. ஆண் புலவர்கள் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் நின்று பேசினார்கள். இடம் மாறி நிற்கும் கவிதை நமக்கு மிகப் பழையது.

ஒரு வேறுபாடு உண்டு. உளநாடகத்தில் இரட்டை பேசியதும், மையத்தில் நிற்பவளிடம் கேட்க வேண்டும்: இது உன் வார்த்தையா? இல்லை என்றால் அவள் திருத்தலாம், மறுக்கலாம். நகரத்திலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் ஒரு மீன்காரப் பெண்ணுக்கு இரட்டையாக நின்று, ‘நான் மிகவும் தனிமையாக உணர்கிறேன்’ என்றார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, ‘தனியா எங்க உடுறாங்க? தனியா இருந்தா பரவால்லியே’ என்றார். இந்த மறுப்பு மட்டுமே அந்த உத்திக்கு நியாயம் சேர்க்கிறது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் இரட்டை என்பது அவளுக்காக நாமே பேசிவிடுவது. பெண்ணுக்காகப் பேசிய ஆண் புலவரை விமர்சிக்கும் நாம், மீனவப் பெண்ணுக்காகப் பேசும் பேராசிரியையையும் அதே அளவுகோலால் பார்க்க வேண்டும்.

ஒப்பாரியோடும் இந்த முறைமைக்கு உறவு தெரிகிறது. இறந்தவரை நேரே விளித்துப் பேசுவது, பிறர் வீட்டுச் சாவில் தன் துயரை அழுவது, ஒருத்தி எடுக்க மற்றவர்கள் தோள்சேர்த்துத் தொடர்வது: எல்லாம் உளநாடகத்தின் வெற்று நாற்காலியையும் பகிர்வையும் நினைவூட்டுபவை. அதனால் ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்று மகிழ்ந்துவிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பிறர் வீட்டுச் சாவில் அழுவதும் பறையடிப்பதும் சில சாதிகள்மீது கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தன. சாமியாடும் பெண்ணுக்கு ஆணை அதட்டும் உரிமை உண்டு. சாமி மலையேறியதும் அந்த உரிமையும் போய்விடும். மரபு தந்த இடங்கள் இருந்தன. அவற்றுக்கு எல்லையும் விலையும் இருந்தன.

நாம் எடுத்துச் செல்லத்தக்க அண்மை மரபும் ஒன்று இருக்கிறது. 1990களில் அ. மங்கை ‘வாய்ஸிங் சைலன்ஸ்’ வழியாகச் செய்த பெண்ணிய அரங்கப் பணிகள், அதில் பெண் சிசுக்கொலையைப் பேசிய ‘பச்ச மண்ணு’. இலங்கையில் போர்க்காலத்தில் க. சிதம்பரநாதனும் குழந்தை ம. சண்முகலிங்கமும் செய்த அரங்கு. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் கலைப் பணிகள். இவை தனி மனதின் காயத்தையும் ஊரின் காயத்தையும் பிரிக்கவில்லை. உளநாடகப் பாடத்திட்டத்தில் பீக்கன் இருந்தது. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் இல்லை.

வலிக்கு முகவரி உண்டு

நான்காம் நாள் ஒரு பயிற்சியில், கண்ணை மூடி, வலி உடலில் எங்கே இருக்கிறது என்று கைவைத்துக் காட்டச் சொன்னார்கள். கழுத்து, முதுகு, அடிவயிறு என்று கைகள் போயின. வயதான ஒரு பெண் கையை எங்கும் வைக்கவில்லை. கேட்டதற்கு, ‘முகத்துவாரத்துல’ என்றார். மற்ற மீனவப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் கடல்நீர் ஏரிக்குள் வராது, இறால் குஞ்சு வராது, கடன்காரன் வருவான்.

நெய்தல் திணைக்கு இரங்கல் உரிப்பொருள் என்று ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். கடற்கரைப் பெண்ணின் இரங்கலுக்கு வராத தலைவன் மட்டும்தான் காரணம் என்று நாம் படித்துப் பழகிவிட்டோம். இன்றைய நெய்தல் நிலத்தின் இரங்கலுக்கு மண் மேடிட்ட முகத்துவாரமும் காரணம், அனல்மின் நிலையங்களும் காரணம், காட்டுப்பள்ளித் துறைமுகமும் அதன் விரிவாக்கத் திட்டமும் காரணம். அந்த விரிவாக்கத்தை எதிர்த்து இந்தக் குப்பங்களின் பெண்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள்.

2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோரத்துக்குப் படகும் வலையும் வந்தபோது உளவியல் ஆலோசனையும் வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் ஊர்மட்டப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்தன. தேவையான பணி அது. அதே சமயம், ஆண்களுக்குப் படகு, பெண்களுக்கு ஆறுதல் என்ற ஒரு பங்கீடும் பல இடங்களில் உருவானது. குழுப்பயிற்சி முறைகள் இந்தப் பங்கீட்டுக்குத் துணைபோகும் அபாயம் எப்போதும் உண்டு. முகவரி உள்ள வலியை முகவரி இல்லாத மன அழுத்தமாக மாற்றிவிட்டால், அதற்கு மூச்சுப் பயிற்சி போதும் என்றாகிவிடும்.

பிரேசிலின் அகஸ்டோ போவால் இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர். மேடையில் அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் அவையை அவர் நம்பவில்லை. பார்வையாளர் மேடையேறிக் கதையின் போக்கை மாற்ற வேண்டும் என்றார். 1980களின் தொடக்கத்தில் பாரிஸில், உளப்பகுப்பாய்வாளரான தன் மனைவி செசிலியா துமிம்முடன் சேர்ந்து, வெளியே காவலர் இல்லாத ஊரிலும் மனிதர்களின் தலைக்குள் இருக்கும் காவலரைத் தேடும் பட்டறையை நடத்தினார். அவருடைய அரங்க முறையை 1985இல் தொடங்கப்பட்ட மேற்கு வங்கத்தின் ஜன சம்ஸ்கிருதி கிராமங்களில் பரப்பிவருகிறது. கிராமப் பெண்களே நடித்து, கிராமமே விவாதிக்கிறது. உள்ளே இருக்கும் காவலரையும் வெளியே இருக்கும் காவலரையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வழிதான் நமக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பகிர்வு என்ற விதி

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த முறைமையில் நான் விட மனமில்லாத ஒன்று இருக்கிறது. ஒருத்தி தன் காட்சியை முடித்ததும் மற்றவர்கள் வட்டமாக உட்கார்வார்கள். அப்போது யாரும் அறிவுரை சொல்லக் கூடாது, விளக்கக் கூடாது, ‘நீ அப்படிச் செய்திருக்கலாம்’ என்று பேசக் கூடாது. அவளுடைய காட்சி தன் வாழ்வின் எந்த இடத்தைத் தொட்டது என்பதை மட்டும் சொல்லலாம். நம் வீடுகளிலும் கல்லூரிகளிலும் பெண்ணிய மேடைகளிலும்கூட ஒருத்தி வாய்திறந்தால் உடனே பத்து அறிவுரைகள் வரும். அறிவுரை சொல்பவர் மேலே, கேட்பவர் கீழே. பகிர்வு என்ற விதி இந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்ச நேரத்துக்கேனும் நிறுத்திவைக்கிறது. பயிற்சிக்குப் பிறகு முதுகலை வகுப்பில் பெண் கவிதைகளை நடத்தும்போது இதை முயன்று பார்க்கிறேன். கவிதையின் ‘கருத்து’ என்ன என்று கேட்பதற்குப் பதில், இது உன் வாழ்வில் எதைத் தொட்டது என்று கேட்டால், பின் வரிசையிலிருந்து பதில் வருகிறது.

ஆகவே, உளநாடகத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. அதன் நேரத்தை மீன் ஏலத்தின் நேரத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்கிறேன். இயக்குநர் ஆகும் பயிற்சி குப்பத்துப் பெண்களுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கச் சொல்கிறேன். தரையில் வரைந்த வரைபடத்தில் சுவர் தெரிந்தால், உணர்வைக் கேட்டுவிட்டு நகராமல் சுவரைப் பற்றியே பேசச் சொல்கிறேன். அடிபட்டவளை அடித்தவனின் இடத்தில் நிறுத்தும் முன் இருமுறை யோசிக்கச் சொல்கிறேன்.

கடைசி நாள் மதியம் மதிப்பீட்டுப் படிவம் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் வாய்மொழியாகச் சொல்லலாம் என்றார்கள். இருபத்தெட்டு வருடக் குடித்தனம் பற்றிச் சொன்ன பெண் பயிற்றுநரிடம் கேட்டது ஒரே கேள்வி: ‘எடம் மாறி நிக்கிறது நல்ல வெளையாட்டுதான் மேடம். ஆம்பளைங்களுக்கு எப்ப வெப்பீங்க?’

அடுத்த முகாமின் அறிவிப்பு சென்ற வாரம் வந்தது. அதுவும் பெண்களுக்கானது.